எலும்பு வாத்தியார் வேலை: என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் தமிழ்நாட்டுல ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில ஆர்த்தோ, அதாவது எலும்பு டிபார்ட்மெண்ட்ல அசோசியேட் புரொபசர். ஹவுஸ் சர்ஜன் பசங்க, நீட் பிஜி (டாக்டருங்க மேல்படிப்புக்கு எழுதற நுழைவுத் தேர்வு) ரேங்க் கையில வெச்சுக்கிட்டு முழிக்கற தம்பி தங்கச்சிங்க, அவங்க அப்பா அம்மா, கல்யாண வீட்டுல பக்கத்து சீட்டுல உக்கார்ற சித்தப்பா பெரியப்பா எல்லாரும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே கேள்விங்களைத்தான் கேக்கறாங்க. ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்ஆப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை போச்சு, அதான் இங்க ஒரேடியா எழுதிட்டேன். கேள்வியை அவங்க கேட்டபடியே போட்டிருக்கேன்.

சார், அகாடமிக் ஆர்த்தோன்னா என்ன? எலும்பு டாக்டர்னா எலும்பு டாக்டர்தானே?

ஆபரேஷன் எல்லாம் அதேதான். வெளிய பண்ற அதே நெய்ல் (எலும்புக்குள்ள போடற கம்பி), அதே பிளேட், அதே முட்டி மாத்தற ஆபரேஷன். இங்க கூட ரெண்டு வேலை இருக்கு. ஒண்ணு, நீ செய்யறதை இன்னொருத்தன் கைக்கு மாத்திக் குடுக்கணும். ரெண்டாவது, நீ செஞ்சது என்ன ஆச்சுன்னு வருஷக்கணக்குல தேடிப் போய்ப் பாத்து எழுதி வெக்கணும்.

என்னைக் கேட்டா ரெண்டாவதுதான் பெரிசு. தையல் பிரிச்சதும் எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு அனுப்பிட்டா அவன் சர்ஜன். அந்தக் கால் அஞ்சு வருஷம் கழிச்சு சம்மணம் போட்டு உக்காருதா, பஸ் படி ஏறுதான்னு கேக்கறவன்தான் அகாடமிக். என் பீஜி (மேல்படிப்பு) காலத்து சீஃப் ஒரு நீள பைண்டிங் நோட்டு வெச்சிருப்பார், அதுல பேர், ஊர், ஃபோன் நம்பர், பக்கத்து வீட்டு ஃபோன் நம்பர், எந்த பஸ்ல வருவாங்கங்கறது உட்பட இருக்கும். அந்த நோட்டு பத்தி கீழ திரும்பத் திரும்ப வரும், இப்பவே சொல்லிட்டேன்.

ப்ளஸ் டூ முடிச்சு புரொபசர் ஆக எத்தனை வருஷம் ஆகும்?

பேப்பர்ல கணக்கு இப்படி. எம்.பி.பி.எஸ் ஹவுஸ் சர்ஜன்ஷிப்போட அஞ்சரை வருஷம். எம்.எஸ் ஆர்த்தோ 3 வருஷம். சீனியர் ரெசிடென்ட்டா, அதாவது மேல்படிப்பு முடிச்ச பயிற்சி டாக்டரா, 1 வருஷம். அப்புறம் அசிஸ்டன்ட் புரொபசரா 4 வருஷம், அசோசியேட்டா 3 வருஷம். கூட்டிப் பாத்தா பதினாறரை வருஷம், அதாவது 18 வயசுல உள்ள நுழைஞ்சவன் முப்பத்தி அஞ்சுல புரொபசர்.

நிஜத்துல அப்படி யாரும் ஆகறதில்ல. நீட் பிஜிக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் வீட்டுல உக்காந்து படிக்கறது, பாண்ட் (படிச்சதுக்கு அரசுக்கு வேலை பாக்கற ஒப்பந்தம்), எம்.ஆர்.பிங்கற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமா ஆரம்ப சுகாதார நிலையத்துல சேந்து சர்வீஸ் கோட்டாவுல (அரசு டாக்டருங்களுக்கான ஒதுக்கீடு) வர்றது, அப்புறம் அரசு வேலைன்னா சீனியாரிட்டி பேனல் நகர்ற வேகம், எல்லாம் சேத்தா நாப்பத்தஞ்சைத் தாண்டறது சாதாரணம். பிரைவேட் கல்லூரியில கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். 2025-ல என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) விதியைத் தளர்த்தி, பெரிய அரசு ஆஸ்பத்திரியில பல வருஷம் வேலை பாத்த ஸ்பெஷலிஸ்ட்டுங்க நேரா ஆசிரியர் பதவிக்கு வர வழி விட்டிருக்காங்க. விதி அடிக்கடி மாறும், அப்ளை பண்ற வாரத்துல ஒரு தடவை ஒரிஜினல் நோட்டிபிகேஷனை நீயே படி, சீனியர் சொன்னான்னு நம்பாத.

எம்.எஸ் தான் வேணுமா, டிஎன்பி போதாதா? எங்க மாமா டி.ஆர்த்தோ, அவர் புரொபசர் ஆகலையே?

டிஎன்பிங்கறது தேசியத் தேர்வு வாரியம் தர்ற, எம்.எஸ்-க்குச் சமமான பட்டம். அதை முடிச்சவங்க நிறையப் பேர் ஃபேகல்டியா இருக்காங்க, கவலைப்படாத. டி.ஆர்த்தோங்கறது 2 வருஷ டிப்ளமோ, அதை வெச்சு நல்லா ஆபரேஷன் பண்ணலாம், ஊர்ல பேர் வாங்கலாம், ஆனா அதை மட்டும் வெச்சு ஆசிரியர் ஏணியில ஏற ரொம்ப காலம் வழி இல்லாம இருந்துச்சு. அந்த சீட்டுங்களை இப்ப பெரும்பாலும் எம்.எஸ் சீட்டா மாத்திட்டாங்க. மாமாகிட்ட கை வைத்தியம் கத்துக்கோ, குறிப்பா மாவுக்கட்டு போடறது. அந்தத் தலைமுறைக்கு அது கை வந்த கலை, நாங்க எல்லாத்துக்கும் கம்பி வெச்சுப் பழகிட்டோம்.

ஒரு நாள் எப்படிப் போகும்? டிவியில காட்ற மாதிரி எந்நேரமும் ஆபரேஷனா?

காலைல ஏழரைக்கு முந்தின ராத்திரி அட்மிஷன் எக்ஸ்ரே எல்லாம் பாக்கறது, பீஜி பசங்க நின்னுக்கிட்டே திட்டு வாங்கற நேரம் அது. அப்புறம் வார்டு ரவுண்ட்ஸ். ஓபி (வெளிநோயாளி) நாள்னா மதியம் வரைக்கும் முட்டி வலி, இடுப்பு வலி, சர்டிபிகேட், நடுவுல ஒரு பழைய ஆபரேஷன் கேஸ். தியேட்டர் நாள்னா லிஸ்ட் முடியற வரைக்கும் உள்ளதான். யூனிட்டுக்கு அட்மிஷன் நாள் வந்தா, பைக் ஆக்சிடென்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது. 2021 கடைசியில தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டம் வந்ததுல இருந்து விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு பாத்துக்குது.

இதுக்கு நடுவுல தேர்ட் இயர் பசங்களுக்கு கிளாஸ், பீஜி பசங்க எழுதற ஆராய்ச்சி நூலான தீசிஸைத் திருத்தறது, காப்பீட்டு ஃபார்ம்ல கையெழுத்து, இன்ஸ்பெக்ஷனுக்கு ஃபைல். இந்த ஃபைல் வேலை பத்தி யாரும் முன்னாடியே சொல்றதில்ல. சி-ஆர்ம்ங்கற, தியேட்டர்லயே ஓடற எக்ஸ்ரே மெஷினோட கதிர்வீச்சுக்காக லெட் (ஈய) ஏப்ரன் மாட்டிக்கிட்டு நாலு மணி நேரம் நின்னா இடுப்பு போகும். எலும்பு டாக்டருங்க பாதிப் பேருக்கு டிஸ்க் பிரச்சனைன்னு நாங்களே கிண்டல் பண்ணிக்குவோம், அதுல உண்மையும் இருக்கு.

பீஜி கையில டிரில்லைக் குடுத்துடறீங்களாமே? ஏழை பாழைங்க மேலதான் பழகறீங்களா?

எங்க பெரியம்மா கேட்ட கேள்வி இது, கோவமாத்தான் கேட்டாங்க. நியாயமான கேள்வியும் கூட. பதில் ரெண்டு பாகம். முதல்ல, யாரும் முதல் நாளே டிரில்லைத் தொடறதில்ல. ஆறு மாசம் கட்டுப் போடறது, வெட்டின இடத்தை விரிச்சு வெக்கற ரிட்ராக்டரைப் புடிக்கறது, பிளாஸ்டிக் எலும்புல ஓட்டை போடறது. அதுக்கப்புறம் என் கை அவன் கை மேல இருக்கும்.

எலும்புல டிரில் போறப்போ சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டணும். முதல் சுவருல கெட்டியா ஒரு சத்தம், உள்ள மஜ்ஜையில வழுக்கிக்கிட்டு போகும், மறுபக்க சுவரைத் தொட்டதும் திரும்ப சத்தம் கனமாகும், உடையப் போற நொடியில சுருதி மாறும். அந்த நொடியில அழுத்தத்தை விடலைன்னா டிரில் பாஞ்சிடும், பின்னாடி ரத்தக் குழாயோ நரம்போ இருக்கும். பையன் விடறானா இல்லையான்னு அவன் தோள்பட்டையைப் பாத்தே தெரியும், தோள் மேல ஏறுச்சுன்னா நான் டிரில்லைப் புடுங்கிடுவேன். இதை வீடியோவுல கத்துக்க முடியாது பெரியம்மா.

ரெண்டாவது பாகம் கசப்பானது. ஆமா, கத்துக்கறது பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரி பேஷண்ட் மேலதான் நடக்குது. காசு இருக்கறவங்களுக்கு பெரிய டாக்டரே செய்யணும், அந்தப் பெரிய டாக்டர் எங்க கத்துக்கிட்டார்னு மட்டும் கேக்க மாட்டாங்க. நாங்க பண்ணக் கூடியது, பக்கத்துல நிக்கறது, எந்த நிமிஷமும் கையை வாங்கிக்கறது, இன்னார்தான் கூட இருந்து செய்வாங்கன்னு பேஷண்ட்கிட்ட மறைக்காம சொல்றது. சீஃப் டீ குடிக்கப் போயிட்டு பீஜியைத் தனியா விட்டா அதுக்குப் பேர் டீச்சிங் இல்ல.

தீசிஸ்னா சீனியரோடதை எடுத்துப் பேரை மாத்தறதுதானே சார்?

பண்றவங்க பண்றாங்க, மாட்டறவங்க மாட்டறாங்க. எதிக்ஸ் கமிட்டி, காப்பி அடிச்சிருக்கான்னு பாக்கற பிளேஜியரிசம் செக் எல்லாம் இருக்கு. பிஜி பசங்களும் ஃபேகல்டியும் பயோமெடிக்கல் ரிசர்ச் பேசிக் கோர்ஸ் ஒண்ணு ஆன்லைன்ல முடிக்கணும், அதை நடத்தறதே நம்ம சென்னையில இருக்கற ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொற்றுநோயியல் நிறுவனம்தான். அதை ரெண்டு மடங்கு வேகத்துல ஓட விட்டுட்டு எக்ஸாம் எழுதாத, உக்காந்து கேளு. எத்தனை பேஷண்ட் வேணும்னு கணக்கு போடறது எப்படின்னு எங்க காலத்துல யாரும் சொல்லித் தரலை. நான் 30 கேஸ்னு எழுதினேன், ஏன்னா சீனியர் 30 எழுதியிருந்தான், அவன் ஏன் எழுதினான்னா அவன் சீனியர்.

நம்ம ஊர்ல லேப் இல்ல, மெஷின் இல்ல, ரிசர்ச் எப்படிப் பண்றது?

நம்மகிட்ட இருக்கறது பேஷண்ட். அதான் பெரிய சொத்து. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியை எடுத்துக்கோ. கால் நசுங்கி எலும்பு வெளிய தெரியற மாதிரி வர்ற கேஸ்ல, காலைக் காப்பாத்தலாமா எடுத்துடலாமான்னு முடிவு பண்றதுதான் ராத்திரி ரெண்டு மணிக்கு வர்ற பெரிய தலைவலி. இந்த மாதிரி முறிவை வகை பிரிக்க உலகம் முழுக்க பயன்பட்டது 1976-ல கஸ்டிலோ, ஆண்டர்சன்னு ரெண்டு டாக்டருங்க எழுதின வகைப்பாடு. அதுல ரொம்ப மோசமான காயங்க எல்லாம் ஒரே பெட்டிக்குள்ள போயிடும், ஆளுக்கு ஆள் வேற வேற நம்பர் சொல்லுவாங்க. கங்காவுல டாக்டர் ராஜசேகரனும் அவர் டீமும் தோல், எலும்பு, தசை மூணுக்கும் தனித்தனியா மார்க் போட்டு, சர்க்கரை, வயசு, லேட்டா வந்தது மாதிரி விஷயங்களுக்கு ரெண்டு ரெண்டு மார்க் சேத்து ஒரு ஸ்கோர் பண்ணினாங்க. 2006-ல பிரிட்டிஷ் எலும்பு ஜர்னல்ல வந்துச்சு. 14-ம் அதுக்குக் கீழயும் இருந்தா காலைக் காப்பாத்தப் பாரு, 17-ம் அதுக்கு மேலயும்னா எடுக்கறதை யோசி, நடுவுல அனுபவம் பேசணும். இதுக்கு எந்த லேப் வேணும்? நம்ம ரோட்டுல அடிபட்டு வந்த காலுங்களை ஒழுங்கா எண்ணி, ஒழுங்கா பின்தொடர்ந்தாங்க, அவ்ளோதான்.

இன்னும் பழைய கதை வேணும்னா வேலூர் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி). கொல்லிமலையில பொறந்த பால் பிராண்ட்ங்கற சர்ஜன் 1946-ல அங்க வந்தார். தொழுநோயில விரல் தானா அழுகி விழுதுன்னு எல்லாரும் நம்பின காலம். அவர் கையைக் காயம் காயமா கவனிச்சு, நோய் விரலைத் திங்கலை, உணர்ச்சி இல்லாததால சூடு பட்டதும் வெட்டுப் பட்டதும் தெரியாம போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டார். ராத்திரி தூங்கி எந்திரிச்சா விரல் காணாம போற மர்மம் ஒண்ணு இருந்துச்சு, ராத்திரி பூரா காவல் இருந்து பாத்தா எலி கடிச்சுட்டுப் போகுது. அப்புறம் பேஷண்டுங்களுக்குப் பூனை குடுத்தனுப்பினாங்க. தசைநாரை இடம் மாத்தி மடங்கின விரலை நிமித்தற ஆபரேஷன் அங்கிருந்து உலகத்துக்குப் போச்சு. மெஷின் இல்லைங்கற சாக்கை இதுக்கப்புறம் என்கிட்ட சொல்லாத.

பிரமோஷனுக்கு ஆராய்ச்சிப் பேப்பர் வேணுமே, காசு குடுத்தா உடனே போட்டுத் தர்றாங்களாம், போடலாமா?

மெயில் வரும், "மதிப்பிற்குரிய விஞ்ஞானி அவர்களே"ன்னு ஆரம்பிக்கும், மூணு நாள்ல பப்ளிஷ்னு முடியும். போடாத. அசோசியேட் ஆகறதுக்கும் புரொபசர் ஆகறதுக்கும் கேக்கறது விரல் விட்டு எண்ணக் கூடிய பேப்பருங்கதான், அதுக்கு ஏழு வருஷம் கைல இருக்கு. எந்த இன்டெக்ஸ்ல (ஜர்னல் பட்டியல்) இருக்கற ஜர்னல் செல்லும், எழுதினவங்கள்ல உன் பேர் எத்தனாவதா இருக்கணும்னு விதியிலயே இருக்கு. 1967-ல இருந்து வர்ற இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆர்த்தோபெடிக்ஸ் இருக்கு, அங்க அனுப்பு, ரிஜெக்ட் ஆகும், அந்த ரிவ்யூவைப் படிச்சாலே பாதி படிப்பு.

தம்பி, சம்பளம் எல்லாம் பரவால்லயா? வெளிய பிராக்டிஸ் பண்ணலாமா?

கல்யாண வீட்டுக் கேள்வி. தமிழ்நாட்டு அரசு டாக்டர், ட்யூட்டி நேரம் போக வெளிய பிராக்டிஸ் பண்ணலாம், தடை இல்ல. ஜிப்மர், எய்ம்ஸ் மாதிரி மத்திய அரசு இடத்துல பண்ணக் கூடாது, அதுக்குப் பதிலா படி தருவாங்க. சிஎம்சி மாதிரி இடமும் முழுநேரம்தான். பிரைவேட் கல்லூரின்னா அவங்கவங்க பேச்சுவார்த்தை.

உன் கூடப் படிச்சு நேரா கார்ப்பரேட் போனவன் உன்னை விட ரொம்ப சீக்கிரம் வீடு கட்டுவான், அதை மனசுல ஏத்துக்கிட்டு வா. சாயங்கால கிளினிக் வெச்சா ஓடும், ஆனா மேல சொன்ன நோட்டு எழுதற நேரத்தைத்தான் அது முதல்ல திங்கும். நானும் வாரத்துக்கு மூணு நாள் உக்கார்றேன், சாமியார் வேஷம் போடலை. நாலாவது நாளைச் சேக்கலாமான்னு ஒவ்வொரு ஸ்கூல் ஃபீஸ் மாசமும் வீட்டுல பேச்சு வரும்.

பொண்ணுங்க ஆர்த்தோ எடுக்கலாமா? பலம் வேணும்னு சொல்றாங்களே?

எடு. தொடை எலும்பை இழுத்து வெக்கறதுக்கு டிராக்‌ஷன் டேபிள் இருக்கு, அசிஸ்டன்ட் இருக்கான், ஆம்பளைங்களும் தனியா இழுக்கறதில்ல. அமெரிக்காவுல ரூத் ஜாக்சன்னு ஒரு அம்மா 1937-லயே ஆர்த்தோ போர்டு சர்டிபிகேட் வாங்கினவங்க, பொம்பளைங்கள்ல முதல் ஆள். நம்ம வேலூர்லயே மேரி வர்கீஸ் இருக்காங்க. 1954-ல நடந்த விபத்துல இடுப்புக்குக் கீழ செயல் இல்லாமப் போச்சு, வீல்சேர்ல உக்காந்தபடியே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணினாங்க, பின்னாடி மறுவாழ்வு மருத்துவத் துறையையே அங்க உருவாக்கினாங்க. பலம் பத்தி உன்கிட்ட யாராவது பேசினா இதைச் சொல்லு.

கஷ்டம் வேற இடத்துல இருக்கு. ட்யூட்டி ரூம், ட்ரெஸ் மாத்த இடம், கர்ப்பமா இருக்கறப்போ சி-ஆர்ம் கேஸ் இல்லாத போஸ்டிங், இதெல்லாம் கேட்டு வாங்க வேண்டியதா இருக்கு. ஆம்பளைங்க நிறைஞ்ச டிபார்ட்மெண்ட்ல இதெல்லாம் யாருக்கும் தானா தோணறதில்ல, என் டிபார்ட்மெண்டும் விதிவிலக்கு இல்ல.

ஃபாலோஅப்புக்கு பேஷண்ட் வரவே மாட்டேங்கறாங்க, அப்புறம் எப்படி நோட்டு எழுதறது?

இதுக்குத்தான் பக்கத்து வீட்டு ஃபோன் நம்பர். ஏன் வரலைன்னா பஸ்ஸுக்குக் காசு, கூட வர ஆள் இல்ல, ஒரு நாள் கூலி போகும், இல்ல நடுவுல புத்தூர் கட்டுக்குப் போயிட்டு வந்து உங்க மூஞ்சில முழிக்கக் கூச்சம். திட்டாத. திட்டினா அடுத்த தடவை அந்த ஊர்லேர்ந்தே ஒருத்தரும் வர மாட்டாங்க. ஓபியில முதல் பத்து டோக்கனை பழைய பேஷண்டுக்குன்னு ஒதுக்கினேன், கூட்டம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி வந்துச்சு.

பொறுமைக்கு ஒரு ஆளைச் சொல்றேன். இக்னேசியோ பொன்செட்டி, ஸ்பெயின்ல பொறந்து அமெரிக்காவுல அயோவா யுனிவர்சிட்டியில வேலை பாத்தவர். பொறக்கறப்பவே பாதம் உள்பக்கம் வளைஞ்ச குழந்தைக்கு, பெரிய ஆபரேஷன் இல்லாம வாரா வாரம் மாவுக்கட்டு மாத்தி நேராக்கலாம்னு 1940கள் கடைசியில ஆரம்பிச்சார், 1963-ல எழுதினார், யாரும் கண்டுக்கலை. எல்லாரும் வெட்டித் தெச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தக் குழந்தைங்க வளந்து பெரியவங்களாகி, 30 வருஷ ரிசல்ட் 1995-ல வந்தப்புறம்தான் உலகமே திரும்பிப் பாத்துச்சு. இன்னைக்கு நம்ம ஆஸ்பத்திரி கிளப்ஃபுட் (வளைஞ்ச பாதம்) கிளினிக்ல நடக்கறது அந்தக் கட்டுதான். முப்பது வருஷம் அட்ரஸ் புஸ்தகத்தை யாரோ பத்திரமா வெச்சிருந்தாங்க, அதை நினைச்சுப் பாரு.

கம்பெனிக்காரங்க கான்ஃபரன்ஸுக்குக் கூட்டிட்டுப் போறாங்களே, போகலாமா?

டீ, பிஸ்கட்ல ஆரம்பிக்கும். எந்தப் பிளேட் போடறதுன்னு நீ முடிவு பண்ற இடத்துல இருக்க, அவன் அதை விக்கற இடத்துல இருக்கான். நான் வெச்சிருக்கற கணக்கு சிம்பிள்: இதை என் பேஷண்டோட மகன்கிட்ட வாயால சொல்ல முடியுமா? முடிஞ்சா போறேன். பீஜி பசங்களோட ஒர்க்‌ஷாப் கட்டணத்துக்கு டிபார்ட்மெண்ட் மூலமா வந்தா வாங்கிக்கறோம், என் பேர்ல டிக்கெட் வந்தா வேணாம்னுடுவேன். ஒரு தடவை வாங்கினேன், வந்தப்புறம் அந்தக் கம்பெனிப் பையன் பேசின உரிமை புடிக்கலை.

நீங்க பண்ணது தப்பாப் போனா என்ன செய்வீங்க?

சீனியர் ரெசிடென்ட்டா ஒரு ஆஸ்பத்திரியில இருந்தப்போ, மாமரத்துலேர்ந்து விழுந்த ஏழு வயசுப் பையன், முழங்கைக்கு மேல எலும்பு உடைஞ்சிருந்துச்சு. ராத்திரி ரெண்டு கே-வயர் (மெல்லிசான கம்பி) போட்டேன். சி-ஆர்ம்ல பாத்தப்போ லேசா உள்பக்கம் சாஞ்ச மாதிரி இருந்துச்சு, பிரிச்சுத் திரும்ப வெச்சிருக்கணும், அசதியில பரவால்லன்னு விட்டுட்டேன். ஒரு வருஷம் கழிச்சு அந்தம்மா கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு கையையும் நீட்டி உள்ளங்கையை மேல காட்டுடான்னேன். ஒரு கை நேரா இருக்கு, இன்னொண்ணு முழங்கைலேர்ந்து துப்பாக்கிக் கட்டை மாதிரி உள்ள வளைஞ்சு நிக்குது. பையன் சிரிச்சுக்கிட்டு கிரிக்கெட் ஆடுறேன் டாக்டர்ங்கறான். அந்தம்மா ஒண்ணும் கேக்கலை.

நான் சொன்னேன், நான் வெச்சதுதான் சரியில்லன்னு. சரி பண்ற ஆபரேஷன் பின்னாடி என்னை விடப் பெரியவர் செஞ்சார், நான் அசிஸ்ட் பண்ணினேன். இப்ப எங்க டிபார்ட்மெண்ட்ல மாசா மாசம் சிக்கலான கேஸ் மீட்டிங் நடக்கறப்போ முதல் படமா என் கேஸ் ஒண்ணைத்தான் போடுவேன். வாத்தியாரே முதல்ல போட்டாத்தான் பசங்க அவங்களோடதை வெளிய எடுக்கறாங்க, இல்லைன்னா எல்லா எக்ஸ்ரேவும் காணாம போகும்.

மோசமா வந்த ரிசல்ட்டை பேப்பராப் போட்டா பேர் கெடாதா?

இடுப்பு மூட்டு மாத்தற ஆபரேஷனை இன்னைக்கு இருக்கற ரூபத்துக்குக் கொண்டு வந்த இங்கிலாந்துக்காரர் ஜான் சார்ன்லி, முதல்ல இடுப்புக் குழியில வெக்கற கிண்ணத்துக்கு டெஃப்ளான்ங்கற பிளாஸ்டிக்கைப் போட்டார். சுமார் 300 பேருக்கு வெச்சப்புறம், கொஞ்ச வருஷத்துலயே அது தேய்ஞ்சு தூளாகி சுத்தி இருக்கற சதையைக் கெடுக்குதுன்னு தெரிஞ்சுது. அவர் என்ன பண்ணார்னா, அந்தப் பொருளைத் தன் தொடையிலயே வெச்சுக்கிட்டு என்ன ஆகுதுன்னு பாத்து, 1963-ல லான்செட் ஜர்னல்ல எழுதினார். அதுக்கு முந்தின வருஷம் நவம்பர்லயே வேற பிளாஸ்டிக்குக்கு மாறிட்டார், அதுதான் நின்னுச்சு. அவர் பேர் கெட்டுப் போச்சா?

சார்ன்லி எங்க நான் எங்க, அது தெரியும். என்கிட்டயும் ஒரு சீரிஸ் இருக்கு, ஒரு வகை நெய்ல் போட்டும், எதிர்பாத்ததை விட அதிகமா எலும்பு கூடாம போன கேஸுங்க, எல்லாம் நோட்டுல பேர், ஊரோட இருக்கு. ஒரு ஜர்னல் ரெண்டு வரியில திருப்பி அனுப்பிட்டாங்க, இன்னொரு ஜர்னல் பதினேழு கேள்வி கேட்டு ரிவிஷன் கேட்டிருக்காங்க. பதினாலாவது கேள்வி, வராம போன ஒம்போது பேரோட கதி என்னன்னு. அஞ்சு பேரை ஃபோன்ல புடிச்சுட்டேன். மிச்சம் நாலு பேர்ல ஒருத்தர் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயிட்டாராம், நம்பரை அவர் மச்சான் நாளைக்கு அனுப்பறேன்னார்.